கொடுத்தது யார்?

பழங்குடி நிதியுதவி அறிக்கைகளில் ஒரே ஆள் முன்னுரையில் ‘பாதுகாவலர்’, பட்டியலில் ‘பயனாளி’. கொல்லிமலையை வைத்து இந்தச் சொல்லாடலைக் கட்டுடைக்கலாம். சாமை, தினை, பனிவரகு விதைகளைத் தலைமுறைகளாகக் கதிர் பொறுக்கிக் காத்தவர்கள் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை தொடங்கியது 1990களில், வெளிநாட்டு நிதியும் சேர்ந்து. அதற்குள் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி சாமைக் காட்டைத் தின்னத் தொடங்கியிருந்தது. சாமை குத்தும் இயந்திரம் வந்து உலக்கை பிடித்த கைகளுக்கு ஓய்வு கிடைத்ததை மறுக்கிற தூய்மைவாதம் எனக்கில்லை. ஆனா விதை இவங்களுது, அறிவு இவங்களுது. அப்புறம் யார் யாருக்குக் குடுத்தது? 2006 வன உரிமைச் சட்டம் பல்லுயிர் பற்றிய மரபறிவைச் சமூக உரிமை என்கிறது. அறிக்கையில் அது ‘உதவி’யாகிவிடுகிறது. வரவுசெலவை ஊர்க்கூட்டத்தில் தமிழில் வாசிக்கட்டும். யார் பேரு வரவுல வருது, யார் பேரு பத்துல வருதுன்னு அந்தப் பெண்களே சொல்லிடுவாங்க.