நேரடி மக்களாட்சியில் ஊர்க்கூட்டமும் கிராம சபையும்: விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டும் நகராட்சிகள். அங்கு வாழ்வோர் பெரும்பாலும் தாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர் வழியாகவே பேசுகின்றனர். நகர எல்லையைத் தாண்டிச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குள் சென்றால், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வழங்கிய இவ்வுரிமையே நேரடி மக்களாட்சிக்குத் தமிழகத்தில் நெருங்கிய சான்றாகும். இதன் குறையாக மக்களின் வருகைக் குறைவையே பலரும் சுட்டுவர். முதன்மையான குறை வெளிப்படையாகக் கருத்துரைக்க வேண்டிய முறையில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நிறைகள்

வரவு செலவுக் கணக்கும் பயனாளிகள் பட்டியலும் மக்கள் முன் வைக்கப்படுவது கிராம சபையின் தலையாய பயன். தேர்தலுக்குத் தேர்தல் மட்டுமே எழும் கேள்வியை ஆண்டுக்குப் பலமுறை எழுப்ப இது இடமளிக்கிறது. இதன் வலிமைக்கு ஒடிசாவின் நியம்கிரி சான்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2013இல் கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, திட்டம் நின்றது.

குறைகள்

விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றைப் போலவே, தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இவ்வூராட்சியிலும் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைமை அமையவில்லை. தடுத்தது ஆதிக்கச் சாதியினரின் ஊர்க்கட்டுப்பாடு. அதுவும் மக்கள் நேரில் கூடி எடுத்த முடிவுதான் என்பதை நேரடி மக்களாட்சியைப் போற்றுவோர் மறந்துவிடுகின்றனர். அரசின் முனைப்பால் 2006இல்தான் தேர்தல் நடந்தேறியது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில், திறந்தவெளியில் கைதூக்கி வாக்களிக்கும் ஆண்களின் பேரவை 1990இல் பெண்களுக்கு வாக்குரிமை மறுத்தது. அதே ஆண்டில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றமே அவ்வுரிமையை உறுதிசெய்தது.

இரு நிகழ்வுகளிலும் கூடியவர்களின் அறியாமை காரணமன்று. கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் உரிமையைக் கூட்டமே தீர்மானித்தமைதான் காரணம். கிராம சபை அனைவரையும் உள்ளே அழைக்கிறது. ஆயினும் கூலி தரும் நிலவுடைமையாளர் எதிரில் அமர்ந்திருக்க, கூலித் தொழிலாளி அவருக்கு எதிராகக் கை உயர்த்துவது எளிதன்று. பொதுத்தேர்தலில் அவருக்குக் கிடைக்கும் மறைவு இங்கு இல்லை.

முடிவுரை

மறைவான வாக்கெடுப்பு விவாதத்தை மங்கச் செய்யும் என்ற மறுப்பு எழலாம். விவாதம் வெளிப்படையாக நடக்கட்டும். நிலம், ஆக்கிரமிப்பு, பயனாளர் தேர்வு போன்ற பூசலுக்குரிய பொருள்களில் முடிவு மட்டும் வாக்குச்சீட்டால் அமையட்டும். நியம்கிரியில் மாவட்ட நீதிபதி நிலையிலான அலுவலர் பார்வையாளராக இருந்ததும் இங்கு எண்ணத்தக்கது. அச்சமின்றி மறுக்க இயலும் இடத்தில்தான் கிராம சபை ஊர்க்கூட்டத்திலிருந்து வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டை உறுதிசெய்யாமல் வருகைப் பதிவேட்டை மட்டும் நிரப்புவது போதாது.