சத்தமில்லாமல் தவறும் கருவி: பிஎச்பியில் படம் சுருக்கலும் வரைதலும்

ஒரு செய்தித் தளத்திலோ திருமணத் தகவல் தளத்திலோ நாம் ஏற்றும் ஒளிப்படம் அப்படியே அங்கே நிற்பதில்லை. பட்டியலுக்கு ஒரு சிறுபடம், உள்பக்கத்துக்கு நடுத்தர அளவில் ஒன்று என்று சர்வரில் ஒரு நிரல் அதைச் சுருக்கி அடுக்கிவிடுகிறது. பிஎச்பியில் எழுதப்பட்ட தளங்களில் நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவருவது ஜிடி என்ற நூலகம். சுருக்குவதோடு கோடு, வட்டம், எழுத்து எல்லாம் வரையவும் அதில் வசதி உண்டு. ஒளிப்படம் சுருக்க ஜிடி இன்றும் போதுமான கருவி. எழுத்து வரைய, அதிலும் தமிழ் எழுத்து வரைய, அதை நம்பக் கூடாது என்பது என் மதிப்பீடு. இரண்டு வேலையிலும் அதன் பெருங்குறை ஒன்றே. தவறு நடக்கும்போது அது வாய் திறப்பதில்லை.

ஜிடியை 1990களில் சி மொழியில் எழுதியவர் தாமஸ் பூட்டெல். முதலில் அது கிஃப் படங்களை உருவாக்கவே பயன்பட்டது. கிஃப்பின் சுருக்கமுறை மீது யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கொண்டாடியதால் 1999இல் கிஃப்பைக் கைவிட்டு பிஎன்ஜிக்கு மாறியது. காப்புரிமை காலாவதியான பிறகு 2004இல் கிஃப் திரும்பி வந்தது. 2002 இறுதியில் வெளியான பிஎச்பி 4.3 முதல் ஜிடியின் பிரதி ஒன்று பிஎச்பியுடன் சேர்ந்தே வருகிறது. அதன் பலத்துக்கு வேர் இதுதான். மலிவான ஹோஸ்டிங்கிலும் ஜிடி இருக்கும் என்று நம்பி எழுதலாம். பத்து வரிக் கோடில் சிறுபடம் தயார். புதிதாக எழுதப்படும் கோப்பில், கேமரா படத்தோடு சேர்த்துப் பதிக்கும் எக்ஸிஃப் தகவல் எதுவும் இருக்காது என்பதால், வீட்டு வாசலில் எடுத்த படத்தோடு ஒட்டிவந்த ஜிபிஎஸ் இருப்பிடமும் போய்விடும். ஏற்றியவருக்குக் கேட்காமலே கிடைக்கும் பாதுகாப்பு இது.

சுருக்கும் தரத்திலும் ஜிடியைக் குறைசொல்ல அதிகமில்லை, சரியான ஃபங்ஷனைக் கூப்பிட்டால். 4000-க்கு 3000 பிக்சல் படத்தை 400-க்கு 300 ஆக்கினால், புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளியும் பழையதில் 100 புள்ளிகளுக்குப் பதிலாக நிற்க வேண்டும். ‘இமேஜ்காப்பிரீசைஸ்டு’ அந்த நூறில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். பட்டுப்புடவைக் கரையின் சரிகைக் கோடுகள் அங்கங்கே அறுந்து தெரியும். ‘இமேஜ்காப்பிரீசாம்பிள்டு’ நூறின் சராசரியை எடுக்கும். சரிகை சரிகையாகவே இருக்கும். ஆனால் சராசரி எடுக்கச் சொல்லிவிட்டு, ஏந்தும் படத்தை ‘இமேஜ்கிரியேட்ட்ரூகலர்’ கொண்டு உருவாக்காமல் பழைய ‘இமேஜ்கிரியேட்’ கொண்டு உருவாக்கினால், 256 நிறங்களுக்குள் முகம் திட்டுத்திட்டாகிவிடும். எச்சரிக்கை ஒன்றும் வராது.

மௌனத்தின் விலை இங்கிருந்து ஏறுகிறது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்திலும் புள்ளிகள் பெரும்பாலும் படுக்கைவாக்கில்தான் பதிவாகியிருக்கும். திருப்பிக் காட்டச் சொல்லும் குறிப்பு எக்ஸிஃப் பகுதியில் இருக்கும். ஜிடி அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. சிறுபடம் சாய்ந்து கிடக்கும். குறிப்பும் அழிந்துவிட்டதால் எந்த உலாவியாலும் அதை நிமிர்த்த முடியாது. ஏற்றும்போதே படத்தைத் தானாக நிமிர்த்தும் வசதி வேர்ட்பிரஸ்ஸுக்கே 2019இல், 5.3 பதிப்பில்தான் வந்தது. பின்னணி இல்லாத பிஎன்ஜி சின்னம் கறுப்புக் கட்டத்துக்குள் வந்து நிற்பதும், நிற விவரக்குறிப்பை இழந்த ஐபோன் படம் வெளிறிப்போவதும் இதே வகை. எல்லாவற்றுக்கும் மாற்று வழி உண்டு. ஆனால் இப்படி நடக்கும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அந்த வழி உதவும்.

நினைவகக் கணக்கையும் எழுதுபவரே போட வேண்டும். டிஸ்கில் 3 எம்பி இருக்கும் ஜேபெக், திறந்தவுடன் புள்ளிக்கு 4 பைட் வீதம் விரியும். 12 மெகாபிக்சல் படத்துக்குச் சுமார் 46 எம்பி. 108 மெகாபிக்சல் போன் படத்துக்கு 400 எம்பிக்கு மேல். பிஎச்பியின் வழக்கமான வரம்போ 128 எம்பி. கோப்பின் எடையை மட்டும் சோதித்து அகல உயரத்தைச் சோதிக்காத தளம், அளவில் சிறிய ஒரு கோப்பாலேயே முடங்கிப்போகும்.

வரைதலுக்கு வந்தால் தமிழருக்கு நேரடியாக வலிக்கும் இடம் தொடங்குகிறது. பங்கேற்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சமூக ஊடகத்தில் பகிரும் தலைப்புப் படம் எல்லாவற்றிலும் பெயரை அச்சிட ‘இமேஜ்டிடிஎஃப்டெக்ஸ்ட்’ இருக்கிறது. ஆங்கிலப் பெயரை அது அழகாகவே எழுதும். தமிழ்ப் பெயரைக் கொடுத்தால், யூனிகோடில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு குறியாக எடுத்து இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போகும். ‘செல்வி’யில் சகரத்துக்கு முன்னே நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னே விழுந்து லகரத்தின் கொம்பாகக் கண்ணில் படும். ‘முருகன்’ என்பதில் ‘மு’ ஓர் உருவாகச் சேராமல் மகரம் தனியாகவும் உகரக் குறி தனியாகவும் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற ஓர் அடுக்கு இதற்குத் தேவை. பிஎச்பியுடன் வரும் ஜிடியில் அது இல்லை. இங்கும் பிழைச் செய்தி கிடையாது. நிரல் வெற்றி என்றே சொல்லும்; தன் பெயர் சிதைந்த சான்றிதழைக் கையில் வாங்கும் மாணவிக்குத்தான் தவறு தெரியவரும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கு மாற்றி எழுதுவது ஒரு குறுக்குவழி. அவற்றில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முதலில் வருவதால் ஜிடி சரியாகவே வரையும். ஆனால் அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. பெயருக்கு முன் ஆங்கிலத்தில் இனிஷியல் இருந்தால் அதுவும் ஏதோ ஒரு தமிழ்க் குறியாக மாறிவிடும். அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட வேலை இது; இதன் மேல் ஓர் அமைப்பைக் கட்ட முடியாது.

எழுத்தை விட்டு மீண்டும் சுருக்கலுக்கு வந்தால், அந்த நடைமுறை எங்கே உச்சமாகச் சறுக்கியது என்பதற்கு டிம்தம்ப் சான்று. பல வேர்ட்பிரஸ் தீம்களில் கூடவே வந்த அந்தச் சிறு பிஎச்பி நிரல், முகவரியில் கேட்ட அளவுக்கு அந்தக் கணத்திலேயே படத்தைச் சுருக்கித் தரும். அனுமதித்த சில வெளித் தளங்களிலிருந்தும் படம் எடுத்து வரும். அனுமதித்த பெயர் முகவரிக்குள் எங்காவது இருக்கிறதா என்று மட்டுமே அது பார்த்தது. அந்தப் பெயரில் தொடங்கி வேறு தளமாக முடியும் முகவரியும் உள்ளே நுழைந்தது. படம் என்ற போர்வையில் வந்த பிஎச்பி கோப்பு, வெளியிலிருந்து இயக்கக்கூடிய கேஷ் ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது. 2011 ஆகஸ்டில் இந்த ஓட்டை வெளியானபோது ஏராளமான தளங்கள் சூறையாடப்பட்டன. சுருக்கும் கணக்கில் பிழை எதுவும் இல்லை. எங்கிருந்து படம் வாங்குவது, எங்கே வைப்பது என்ற முடிவுகளில்தான் பிழை.

ஜிடியை விட்டு இமேஜ்மேஜிக் என்ற இன்னொரு படக் கருவிக்கு மாறினால் எல்லாம் தீரும் என்பாரும் உண்டு. அது படத்தை நிமிர்த்தும், நிற விவரத்தைக் காக்கும், எழுத்துகளை வடிவமைக்கும் பாங்கோ நூலகம் இணைந்திருந்தால் தமிழையும் சரியாக எழுதும். ஆனால் எண்ணற்ற கோப்பு வகைகளைத் திறக்கும் அந்த ஆற்றலே 2016இல் இமேஜ்டிராஜிக் என்ற பெயரில் வெளியான ஓட்டைகளுக்கு வழிவிட்டது. ஜிடி குறைவாகவே செய்கிறது. தாக்குபவருக்குத் திறந்திருக்கும் வாசல்களும் அந்த அளவுக்குக் குறைவு.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொடுப்பதே சரி. படம் ஏறும்போது ஒரே முறை, அகல உயரத்தைச் சோதித்து, நிமிர்த்தி, தேவையான அளவுகளுக்குச் சுருக்கி வைக்க ஜிடி போதும். பார்வையாளர் கேட்கும்போதெல்லாம் கேட்ட அளவுக்குச் சுருக்கித் தருவதைக் கைவிட வேண்டும். வரைபடங்களை உலாவியிலேயே எஸ்விஜியாக வரையலாம். தமிழ்ப் பெயர் ஏந்தும் படங்களைப் பாங்கோவிடமோ திரையின்றி ஓடும் குரோமிடமோ ஒப்படைக்க வேண்டும். பிஎச்பியைப் பேணுபவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. தமிழையும் அதுபோல் எழுத்துகள் சேர்ந்து உருவாகும் மொழிகளையும் வடிவமைக்கும் அடுக்கை ஜிடியில் சேருங்கள். அதுவரை அந்த எழுத்துகள் வந்தால் எச்சரிக்கையாவது கொடுங்கள். முடியாததை முடியாது என்று சொன்னால், அதைப் பயன்படுத்துபவர் வேறு வழி தேடிக்கொள்வார்.