நடுவில் நிற்கும் 8205

ஊரில் நடவு முடிந்ததும் தங்கை குடும்பக் குழுவில் விவசாயிப் பெண் இமோஜி ஒன்றைப் போட்டிருந்தாள். என் போனில் தொப்பியும் கதிருமாக ஒருத்தி. அம்மாவின் பழைய போனில் ஒரு பெண்முகம், பக்கத்தில் தனியாக ஒரு நெற்கதிர். "பொண்ணு ஒண்ணு, நெல்லு ஒண்ணு... நம்ம வயலைத்தானே சொல்றா?" என்றாள் அம்மா. சரியாகப் படித்துவிட்டாள்.

உள்ளே இருப்பதும் அதுதான். 2016-இல் வந்த அந்த இமோஜி ஒரே படம் அல்ல. வலைப்பக்கத்தில் அவளை எண்களாலேயே எழுதலாம்: 128105, 8205, 127806. ஒவ்வொன்றுக்கும் முன்னால் &# போட்டுப் பின்னால் அரைப்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். முதல் எண் பெண், கடைசி எண் நெற்கதிர். நடுவில் நிற்கும் 8205-க்கு உருவம் இல்லை, அகலமும் இல்லை. ஜீரோ விட்த் ஜாயினர், அதாவது அகலமில்லா இணைப்பான், என்று பெயர். இமோஜிக்காகப் பிறந்ததும் அல்ல. சிங்களத்தில் 'ஸ்ரீ' எழுத இன்றும் அது வேண்டும்.

பள்ளியில் தேர்ப்பாகன் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. தேரை ஓட்டும் பாகன். 'ஐ' உருபும் 'ஓட்டும்' என்ற பயனும் கண்ணுக்குத் தெரியாமல் நடுவே ஒளிந்திருக்கின்றன. நெல்லை விளைவிக்கும் பெண்ணும் அப்படித்தான். உருபும் பயனும் உடன்தொக்க தொகையை, இமோஜிகளுக்கு எண் தரும் யூனிகோடுக்காரர்கள் நன்னூல் படிக்காமலே கண்டுகொண்டார்கள்!

ராக்கெட்டைச் சேர்த்தால் விண்வெளி வீராங்கனை, தீயணைப்பு வண்டியைச் சேர்த்தால் தீயணைப்பு வீராங்கனை. மடிக்கணினியைச் சேர்த்துச் செய்த கணினிக்காரியில் மட்டும் எனக்குச் சுவை இல்லை. யார் கையில்தான் மடிக்கணினி இல்லை?

எனக்குப் பிடித்தவை 2020-இல் வந்த இரண்டு. கரடியோடு பனித்துகளைச் சேர்த்தால் பனிக்கரடி. நம் சொல்லும் அதே இரண்டு துண்டுதான். வரிசை மட்டும் தலைகீழ், அங்கே கரடி முன்னால் வருகிறது. இன்னொன்று கரும்பூனை. பூனைக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான், கச்சிதமான பண்புத்தொகை. அம்மாவின் போனில் அது சேராது. தன் கறுப்பைக் கழற்றிப் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டு, பூனை வேறு நிறத்தில் நின்றுகொண்டிருக்கும்.