கரிசலுக்கு எந்த அளவுகோல்?

அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாடு கரிசலுக்குத் தனிப் பெருவகுப்பு ஒன்றைத் தந்தது. 1960இல் ‘ஏழாம் தோராயம்’ என்ற பெயரில் வரைவாக வந்து, 1975இல் முழு நூலாகி, 1999இல் இரண்டாம் பதிப்புக் கண்ட அந்த முறையில், விதர்பாவின் பருத்தி நிலமும் கோவில்பட்டியின் மானாவாரிக் கரிசலும் டெக்சாஸின் கறுப்புப் புல்வெளியும் ‘வெர்டிசால்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. நாகபுரியில் இயங்கும் தேசிய மண் அளவை, நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் கைக்கொண்டிருப்பதும் இந்த முறையைத்தான். நம் மண் அளவை அறிக்கைகள் கரிசலைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சட்டகத்தின் வழியே வந்தது. அது கரிசலின் எடையைத் தாங்குகிறதா என்பதே இங்கு ஆராயப்படுவது.

எதைக் கொண்டு அளக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மண்ணின் குணவரையறைக்கு ஆய்வக எண்கள், நீரின் போக்கு, தட்பவெப்பம், நில அமைப்பு ஆகிய நான்கு சான்றுகள் வேண்டும். இவற்றை அடுத்தடுத்து அட்டவணையாக்கினால் மட்டும் வரையறை உருவாகிவிடாது. ஒன்று சொல்வதை இன்னொன்று உறுதிசெய்ய வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். முடிவில் அந்த நிலத்தில் மழை விழுந்தால் தண்ணீர் எங்கே போகும், எவ்வளவு நாள் நிற்கும் என்பதை வரையறை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மானாவாரி நிலத்தைப் பொறுத்தவரை இதற்குக் குறைந்த எதையும் நிறைவு என்று ஏற்க முடியாது.

முதலில் சாதனை. இந்த முறைக்கு முன்பு கறுப்பு மண்ணைப் பற்றிய விவாதம் நிறத்திலும் தாய்ப்பாறையிலும் சுற்றிக்கொண்டிருந்தது. கறுப்புக்குக் காரணம் மக்கா, டைட்டானியம் கலந்த இரும்புத் தாதுவா என்று பல பத்தாண்டுகள் பேசினார்கள். தக்காணத்தின் பசால்ட் பாறையே கரிசலின் தாய் என்று பாடநூல்கள் எழுதின. ஆனால் தென்தமிழகக் கரிசலின் பெரும்பகுதி நைஸ் பாறையின் மேல் கிடக்கிறது. அதன் அங்ககக் கரிமம் பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. பாறையைக் கொண்டோ நிறத்தைக் கொண்டோ வரையறுத்திருந்தால் கோவில்பட்டி கணக்கில் வந்திருக்காது.

வெர்டிசால் வரையறை அந்த விவாதத்தை ஒதுக்கிவிட்டு, குழியில் இறங்கிப் பார்க்கக்கூடிய சான்றுகளைக் கேட்டது. 50 செ.மீ. ஆழம் வரை 30 விழுக்காட்டுக்குக் குறையாத களித்துகள் வேண்டும். பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் வெடிப்புகள் வேண்டும். ஒரு மீட்டருக்குள், 25 செ.மீ.க்குக் குறையாத தடிமனில், மண் மண்ணோடு உராய்ந்து பளபளத்த நழுவுமுகங்களோ, கிடைமட்டத்திலிருந்து 10 முதல் 60 பாகை சாய்ந்த ஆப்பு வடிவக் கட்டிகளோ இருக்க வேண்டும். மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம், அளக்கலாம். இன்னொருவர் வந்து மறுக்கவும் செய்யலாம். மண் எப்படி உருவானது என்ற கோட்பாடு எதுவும் இதற்குள் நுழையவில்லை.

இந்தக் கட்டுப்பாட்டின் பயன் பின்னால் தெரிந்தது. மேல்மண் வெடிப்பில் விழுந்து, அடிமண் மேலே தள்ளப்பட்டு, நிலம் தன்னைத்தானே கிளறிக்கொள்கிறது என்ற விளக்கம் ஒரு காலத்தில் எல்லோரும் ஏற்றதாக இருந்தது. அது உண்மையானால் கரிமத்தின் வயது மேலும் கீழும் ஒன்றுபோல் கலந்திருக்க வேண்டும். அளந்தபோது ஆழம் கூடக் கூட வயதும் ஒழுங்காகக் கூடியது. கிளறல் நடக்கிறது, ஆனால் மிக மெதுவாக. நழுவுமுகங்களை உண்டாக்குவது ஈரக் களியின் பக்க அழுத்தமும் வெட்டுமுறிவும் என்ற இயந்திரவியல் விளக்கம் 1970களின் இறுதியிலிருந்து வலுப்பெற்றது. கோட்பாடு மாறியபோதும் வரையறை அசையவில்லை. சான்றை மட்டும் நம்பி எழுதப்பட்ட வரையறைக்கு இதைவிடக் கடுமையான சோதனை இல்லை, அதில் இது வென்றது.

சறுக்கிய இடமும் உண்டு. 1975 பதிப்பு வெர்டிசால்களை நிறச்செறிவு 1.5 என்ற கோட்டில் பிளந்து, அடர் கறுப்பை ‘பெல்லஸ்டெர்ட்’ என்றும் பழுப்பு கலந்ததைக் ‘குரோமஸ்டெர்ட்’ என்றும் பிரித்தது. நிறம் வடிகால் நிலையைக் காட்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குப் பின்னால் இருந்தது. கரிசலில் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. வாசல்வழி துரத்திய நிறம் சன்னல்வழி உள்ளே வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் இந்தப் பிரிவு கைவிடப்பட்டு, நீர்தேங்கும் வெர்டிசால்களுக்கு ‘அக்வெர்ட்’ என்ற தனி உள்வகுப்பு உருவாயிற்று. தன் பிழையைத் திருத்திக்கொள்ள வழி வைத்திருக்கும் முறை என்பதை வரவில் எழுதிக்கொள்ளலாம்.

ஆய்வகச் சான்றுகளில் நீட்சிக் கெழு நல்ல தேர்வு. ஈரத்தில் ஒரு மண்கட்டியின் அடர்த்தியையும் உலர்ந்தபின் அதன் அடர்த்தியையும் ஒப்பிட்டு, மண் எவ்வளவு சுருங்குகிறது என்பதை அது நேராகச் சொல்கிறது. எத்தனை களி என்பதோடு எந்தக் களி என்பதும் அந்த ஒரே எண்ணில் அடங்குகிறது. மற்றவை அவ்வளவு நம்பத் தக்கவை அல்ல. அம்மோனியம் அசிட்டேட் கரைசலால் மாறத்தக்க அயனிகளைப் பிரித்தெடுக்கும் வழக்கமான முறை, சுக்கான் நிறைந்த கரிசலில் சுண்ணாம்பையும் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. கால்சியம் கூடுதலாகத் தெரியும், காரச் செறிவு 100 விழுக்காட்டைத் தாண்டும். இப்படி வந்த எண்ணைத் திருத்தாமல் அச்சிட்ட அறிக்கைகள் குறைவில்லை. இது வகைப்பாட்டின் குற்றமன்று, ஆய்வகத்தின் அலட்சியம். ஆனால் அடுத்துப் பேசப்போகும் சோடியம் கணக்கு இதே எண்களை நம்பித்தான் நிற்கிறது.

‘சோடிக் ஹாப்ளஸ்டெர்ட்’ என்று ஒரு கரிசலை அழைக்க, அதன் மாறத்தக்க சோடியம் 15 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்கிறது வகைப்பாடு. இந்தப் பதினைந்து, 1954இல் அமெரிக்க உவர்மண் ஆய்வகம் வெளியிட்ட 60ஆம் கையேட்டின் வழியே நிலைபெற்ற எல்லை. பொதுவான எச்சரிக்கைக் கோடாக அது பயனுள்ளது. வீங்கிச் சுருங்கும் ஸ்மெக்டைட் களி நிறைந்த மண்ணுக்கு அது மிகத் தாமதமான எச்சரிக்கை. இதை நிறுவிக் காட்டியவர்கள் டி. கே. பாலும் அவருடைய நாகபுரிச் சகாக்களும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட களம் விதர்பா. நாகபுரியில் ஆண்டு மழை ஆயிரம் மி.மீ.யைத் தாண்டும். மேற்கே அமராவதி, அகோலா என்று போகப்போக அது குறைகிறது. பூர்ணா பள்ளத்தாக்கில் பாசனமே இல்லாத இடங்களிலும் நிலம் களராகிக்கொண்டிருந்தது. காரணத்தை அவர்கள் விளக்கிய விதம் இந்தத் துறையில் எழுதப்பட்ட மிகச் செறிவான தர்க்கங்களில் ஒன்று. வறட்சி கூடும்போது மண்கரைசலில் உள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிகிறது. கரைசலில் கால்சியம் குறைய, களியின் மேற்பரப்பில் சோடியத்தின் பங்கும் மக்னீசியத்தின் பங்கும் உயர்கின்றன. களி சிதறி நுண்துளைகளை அடைக்கிறது. மழைநீர் கீழே இறங்குவது குறைகிறது. அடிமண் மேலும் வறள்கிறது, மேலும் சுண்ணாம்பு படிகிறது. வானத்து வறட்சியை மண் தனக்குள் பெருக்கிக்கொள்கிறது. தட்பவெப்பம், வேதியியல், நீர் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றையொன்று சாட்சிக்கு அழைக்கின்றன. நான் கேட்ட ஒத்திசைவு இதுதான்.

சோடியம் 5 விழுக்காட்டைத் தாண்டும்போதே நீர் கடத்துதிறன் சரியத் தொடங்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள். 2003இல் வெளிவந்த ஆய்வு, மத்திய இந்தியக் கரிசலின் பருத்தி விளைச்சலை நீர் கடத்துதிறனோடு நெருக்கமாகப் பிணைத்தது. ‘டிபிக்’, அதாவது இயல்பானது என்று வகைப்பாடு சான்றளித்த மண்ணில் பருத்தி ஏன் தள்ளாடுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

இந்த வாதத்தின் இன்னொரு பாதியை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. சோடியம் மிகுந்தும் தண்ணீரை ஒழுங்காகக் கடத்தும் கரிசல்கள் உண்டு. பசால்ட்டிலிருந்து வந்த கால்சியம் ஸியோலைட் தாதுக்களோ ஜிப்சமோ அங்கே கால்சியத்தைத் தொடர்ந்து வழங்கி, களியைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. கோவில்பட்டிக் கரிசலை நாகபுரிக் குழு கவனித்தது இந்த ஜிப்சத்துக்காகவே. மழை குறைவு, களி அதிகம். மேலே சொன்ன தர்க்கத்தை மட்டும் பின்பற்றினால் இந்த மண் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அப்படி ஆகாமல் தடுக்கும் ஆற்றல் அதன் அடியிலேயே இருக்கிறது. பதினைந்து, ஐந்து என்று எந்தத் தனி எண்ணை வைத்தாலும் இந்த வேறுபாடு அதற்குள் சிக்காது.

அதனால்தான் அவர்கள் சோடியத்தை விட்டு நீர் கடத்துதிறனையே அளவுகோலாக்கச் சொன்னார்கள். திசை சரி, கருவி போதாது. ஆய்வகத்தில் கடத்துதிறனை அளப்பது பெரும்பாலும் இடித்துச் சலித்துக் குழாயில் நிரப்பிய மண்ணில். களி சிதறுமா என்பதை அது நேர்மையாகச் சொல்லும். ஆனால் வெடிப்பு, வேர்த்துளை, ஆப்புக்கட்டி என்று கரிசலைக் கரிசலாக்கிய கட்டமைப்பு முழுவதும் சலிக்கும்போதே அழிந்துவிடுகிறது. நிலத்தில் தண்ணீர் இறங்கும் வேகத்துக்கு அந்த எண்ணை மாற்றாக வைப்பது, அவர்களே வகைப்பாட்டிடம் கண்ட குறையை வேறு உருவில் திரும்பச் செய்வதாகும்.

தட்பவெப்பப் பகுதிதான் சட்டகத்தின் மிகப் பலவீனமான மூட்டு. எண்ணம் அழகானது என்பதை மறுக்க மாட்டேன். மற்ற மண்களுக்கு ஈர ஒழுங்கைக் கேட்கும் வகைப்பாடு, வெர்டிசாலுக்கு மட்டும் வெடிப்பு எத்தனை நாள் திறந்திருக்கிறது என்று கேட்கிறது. பாசனம் இல்லாத நிலையில் 5 மி.மீ. அகல வெடிப்பு ஆண்டில் 90 நாள் திறந்திருந்தால் ‘உஸ்டெர்ட்’, அந்த உள்வகுப்பிலேயே வெடிப்பு 210 நாள் திறந்திருந்தால் ‘அரிடிக்’. காட்டில் நடமாடும் எந்தச் சம்சாரியும் கணக்கு வைக்கக்கூடிய சான்று இது. ஆனால் அளவையாளர் குழி வெட்டுவது ஒருநாள். அந்த ஒருநாளில் ஆண்டு முழுவதற்குமான வெடிப்பைப் பார்க்க முடியாது. ஆகவே வழக்கமாக நடப்பது தலைகீழ்: வானிலைப் பதிவிலிருந்து ஈர ஒழுங்கைக் கணக்கிட்டு, அதிலிருந்து வெடிப்பு நாட்களை ஊகிக்கிறார்கள். நேரில் காணத்தக்க சான்று என்று புகழப்பட்டது காகிதத்தில் பிறக்கிறது.

அந்தக் கணக்குக்குக் கைகொடுக்கும் நியூஹால் மாதிரி, மாத மழையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் மேலிருந்து அடுக்கடுக்காக மண்ணை நனைத்துக்கொண்டு இறங்குவதாகக் கொள்கிறது. கோடை முடிந்து வாய்பிளந்து கிடக்கும் கரிசலில் முதல் மழை அப்படி இறங்குவதில்லை. வெடிப்பின் வழியே நேராக அடிக்கு ஓடுகிறது. மேல்மண் காய்ந்திருக்கும்போதே அடிமண் நனைகிறது. எந்த மண்ணுக்காக வெடிப்பை அளவுகோலாக்கினார்களோ, அந்த மண்ணின் வெடிப்பை மறந்த கணக்கு இது. முறையின் உள்முரண் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்படவில்லை.

மழைக்காலம் எது என்ற கேள்வி இன்னும் மோசமாக விடப்பட்டிருக்கிறது. குளிர்காலத்தில் மழை பெறும் நிலத்துக்கு வகைப்பாடு ‘ஸெரிக்’ என்ற தனி ஒழுங்கு தருகிறது, ஆனால் ஆண்டுச் சராசரி மண் வெப்பநிலை 22 பாகைக்குக் கீழே இருந்தால்தான். மத்தியதரைக் கடற்கரையை மனத்தில் வைத்து எழுதிய விதி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பும் கோவில்பட்டியும் ஆனி, ஆடி மழையை நம்பும் விதர்பாவும் ‘உஸ்டிக்’ என்ற ஒரே கூடைக்குள் போகின்றன. ஒன்றில் பகல் குறுகி வெயில் தணியும் காலத்தில் மண் நிறைகிறது, மற்றதில் வெயில் முழுதும் தணியாத காலத்தில். விதைப்பும் பயிரும் நட்டக் கணக்கும் இதனால் மாறுகின்றன. வகைப்பாட்டில் இவ்விரண்டும் பிரிவது குடும்ப மட்டத்தில், ‘ஹைபர்தெர்மிக்’, ‘ஐசோஹைபர்தெர்மிக்’ என்ற வெப்பநிலைச் சொல்லால் மட்டுமே. மழையைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை.

நில அமைப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல அதிகம் இல்லை. கரிசலுக்கு அடியில் சில மீட்டர் இடைவெளியில் மேடும் பள்ளமும் மாறிமாறி வரும். உழுது உழுது மேற்பரப்பு சமமாகிவிட்டாலும் அடியில் அந்த அலை இருக்கிறது. 2 முதல் 7 மீட்டர் வரையிலான சுழற்சியில் பாதியை உள்ளடக்கும்படி ‘பெடான்’ என்ற அலகை வரையறுத்தது நுட்பமான முடிவு. ஆனால் மேட்டில் செவல், சரிவில் ஆழமற்ற கரிசல், தாழ்வில் ஆழ்கரிசல் என்ற தொடர்ச்சியைப் பெருவகுப்பு மட்டத்திலேயே துண்டித்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர்க் கறுப்பு நிலமான பெரியநாயக்கன்பாளையம் மண் தொடர் வெர்டிசால் ஆகவில்லை. வெடித்தாலும் அது ‘இன்செப்டிசால்’ என்ற வேறு பெருவகுப்பின் ‘வெர்டிக்’ வகைதான். எங்கேனும் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், ஒப்புகிறேன். உழவு முறையில் அண்ணன் தம்பியாக உள்ள மண்களை ஏணியின் உச்சிப் படியில் பிரித்ததுதான் தவறான இடம். மாநில அளவில் 1:2,50,000 விகிதத்தில் வரைந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் இரண்டரைக் கிலோமீட்டர். அந்தத் தொடர்ச்சியை அது காப்பாற்றித் தரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தீர்ப்பு இது. உருவச் சான்றுகளில் இந்த வகைப்பாடு முழுத் தேர்ச்சி. கரிசலை அடையாளம் காண அதைவிடத் தெளிவான முறை என் பார்வையில் இல்லை. ஆய்வகத்தில் பாதித் தேர்ச்சி, எண்ணின் வரையறையைவிட எண் பிறக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். நீரில் அது தவறியது. இந்திய ஆய்வாளர்கள் அந்தத் தவற்றுக்குத் தந்த விளக்கத்தை ஏற்கிறேன், அவர்கள் முன்வைத்த தனி எண்ணை ஏற்கவில்லை. சோடியம் ஐந்தைத் தொட்டதும் எச்சரிக்கை ஒலிக்கட்டும், ஆனால் ஜிப்சமோ ஸியோலைட்டோ இருக்கிறதா என்று பார்க்காமலும், கலைக்காத மண்ணில் நீர் இறங்கும் வேகத்தை அளக்காமலும் ‘சோடிக்’ முத்திரை விழக்கூடாது. தட்பவெப்பத்தில் அதற்குத் தோல்விதான். வெடிப்பு நாட்களை ஓராண்டேனும் நிலத்தில் நின்று குறித்த பதிவு இல்லாத அறிக்கையில், ‘உஸ்டெர்ட்’ என்ற பெயருக்கு அருகில் ‘ஊகம்’ என்று அச்சிட வேண்டும்.