மலபாரி என்றால் யார்?

சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1713இல் எழுதி முடித்த தெய்வங்கள் பற்றிய நூலை, திருவண்ணாமலை செங்கம் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த நண்பர் ஜெர்மன் தலைப்பைக் கேட்டதும், “மலபார் தெய்வங்களா? அப்ப இது கேரளத்து சாமிங்க கதையா?” என்றார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை. முதல்முறை நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே பார்த்தால் ஐயனார், மாரியம்மன், பிடாரி. எல்லாம் நம்ம ஊர் எல்லைச்சாமிகள்.

‘மலை’ நம் சொல். ‘பார்’ பாரசீகம், நிலம் அல்லது கரை என்று பொருள். அரபு மாலுமிகள் புழங்கிய பெயரை மேற்குக் கரையில் இறங்கிய போர்த்துகீசியர் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே கிழக்குக் கரைக்கும் தூக்கிவந்து, தமிழர்களையும் ‘மலபாரி’ ஆக்கிவிட்டார்கள். 1779இல் வேப்பேரியில் ஃபப்ரிசியஸ் அச்சிட்ட தமிழ் அகராதிக்குக்கூட ‘மலபார்-ஆங்கில அகராதி’ என்றுதான் பெயர். (அண்ணாமலை அடிவாரத்தில் இருப்பவனை மலைக்காரன் என்றால் கூட ஒரு நியாயம் உண்டு. தரங்கம்பாடியில் ஏது மலை?)

சீகன்பால்குவின் நூல் ஜெர்மனில் அச்சேறியது 1867இல். இரண்டே வருஷத்தில் மெட்ஸ்கர் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது தலைப்பு ‘தென்னிந்தியத் தெய்வங்கள்’ ஆகிவிட்டது. வாசகர் குழம்பக்கூடாது என்று மாற்றியிருக்கலாம். எனக்கு அது உடன்பாடில்லை. தரங்கம்பாடித் தமிழர்களிடம் கேட்டு எழுதிய புத்தகம் அது. ‘தென்னிந்திய’ என்றதும் அந்த மனிதர்கள் கலைந்துபோகிறார்கள். ‘மலபாரி’ தப்பான பெயர்தான், ஆனால் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது அதில் இருக்கிறது. அதை அப்படியே விட்டு ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தால் போதும்.

அந்தத் தப்பான பெயர் வெறும் புத்தக விவகாரமும் இல்லை. 1815 மார்ச் 2இல் கையெழுத்தான கண்டி ஒப்பந்தம், ‘மலபார் இனத்தாருக்கு’ கண்டி அரசில் இனி உரிமை இல்லை என்று எழுதியது. அந்த நாயக்கர்களின் பூர்வீகமோ மதுரைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள்! மலபாரி என்றால் கண்டியில் ‘வெளியூர்க்காரன்’, அவ்வளவுதான். கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் ரெண்டு மணி நேரம்தான், நான் இன்னும் போனதில்லை.