கேட்போர் யார்?

எங்கள் கல்லூரித் தாழ்வாரத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். இரட்டைச் சடை போட்ட சிறுமியைத் தாய் அணைத்திருக்கும் படம். கீழே, ‘உங்கள் மகளின் தாய்மையைக் காத்திடுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுங்கள்.’ அந்த வழியே நடப்பவர்கள் மாணவிகள். சுவரொட்டி பேசியதோ அங்கே இல்லாத பெற்றோரிடம்.

அகப்பாட்டை வாசிப்பதுபோலவே வகுப்பில் அதை வாசித்தோம். கூற்று யாருடையது? கேட்போர் யார்? சொல்லாமல் விட்டது எது?

விட்டது ஒரே ஒரு செய்தி. ஹெச்.பி.வி. வைரஸ் பெரும்பாலும் உடலுறவின் வழியே தொற்றுகிறது. அதைச் சொல்லாததால், காரணம் சொல்லும் வேலை ஊர்வாய்க்குப் போய்விட்டது. “நீ என்ன அந்த மாதிரிப் பொண்ணா, உனக்கு எதுக்கு இந்த ஊசின்னு அம்மா கேட்டாங்க மேம்” என்றாள் ஒரு மாணவி. யாரும் சிரிக்கவில்லை.

‘அந்த மாதிரி’ என்று ஒதுக்கிவைக்க இந்தத் தொற்றில் யாரும் இல்லை. பாலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது இது வந்துபோகிறது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே விரட்டிவிடும். உடலிலேயே தங்கிவிடும் சில வகைகள்தாம் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகின்றன. கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத மனைவிக்கும் வரும். கற்பு இதற்குத் தடுப்பூசி ஆகாது. வைரஸ் உடலைச் சேருமுன் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும் என்பதால் 9 முதல் 14 வயது வரை என்கிறார்கள். கல்லூரி வயதிலும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆண்களுக்கும் தொற்றும், அவர்களும் பரப்புவார்கள். சுவரொட்டியில் மகனைக் காணோம்.

தயக்கம் முழுவதையும் அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஓர் ஆய்வுத் திட்டத்தில் சிறுமிகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகள் பலருக்காக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். 7 சிறுமிகள் இறந்தார்கள். இறப்புகளுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணை. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒப்புதல் பெற்ற விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. ஊசி நல்லது என்பதால் கேட்காமல் போட்டது சரியாகிவிடாது. அங்கேயும் சிறுமியிடம் யாரும் பேசவில்லை.

2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது தலைப்புக்கே வசை விழுந்தது. தன் உறுப்பைப் பெண் பெயர் சொல்லி எழுதியதைப் பலரால் பொறுக்க முடியவில்லை. உடலுறவு என்ற சொல்லைச் சுவரொட்டி தவிர்ப்பதிலும் அந்தக் கூச்சத்தையே காண்கிறேன். இங்கே அதற்கு விலை கொடுப்பது, ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும் பெண்பிள்ளை.

மறுவாரம் மாணவிகள் சுவரொட்டியைத் திருத்தி எழுதினார்கள். ‘இது உடலுறவால் பரவும் வைரஸ். உன் நடத்தைக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. சந்தேகம் இருந்தால் கேள். உன்னைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது.’ முதல்முறையாக ‘நீ’ என்ற சொல் வந்திருந்தது.

எழுதி முடித்தவள் நிமிர்ந்து கேட்டாள்: “ஊசி போட்டாலும் பரிசோதனை வேணும்னு சொன்னீங்களே, நீங்க செஞ்சுகிட்டீங்களா மேம்?”

35 வயதுக்குள் ஒருமுறை, 45க்குள் மறுமுறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்ணுடலைப் பற்றி இத்தனை கவிதைகள் எழுதிய நான் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நேரமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று யோசித்தபோது, ‘எனக்கெல்லாம் எதற்கு’ என்ற குரல்தான் உள்ளே இருந்தது. அந்த அம்மா பேசிய அதே குரல்.