வறண்ட நிலத்துச் சுவர்

கற்பனை உலக நாவல்களைப் பற்றிப் பேசும் இடங்களில் இப்போது ஒரு கருத்து விதியாகவே ஆகிவிட்டது. படைத்த உலகத்தில் இறந்தவரின் உயிர் எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்பதற்கு எழுத்தாளர் முதலிலேயே சட்டம் வகுத்துவிட வேண்டும். பிறகு அதை மீறக் கூடாது. இந்த அளவுகோலை வைத்துத்தான் உர்சுலா லெ க்வினின் 'தி அதர் விண்ட்' (2001) தேவையற்ற பின்னொட்டு என்று ஒதுக்கப்படுகிறது. தான் கட்டிய மறுமையைத் தானே இடித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இடித்தது உண்மைதான். அந்த இடிப்பே அவருடைய எர்த்ஸீ வரிசையின் உச்சம் என்பது என் கட்சி.

ஒடிசியஸ் இறந்தோரிடம் பேசப் போனது முதல் தாந்தே வரையிலான கதை வாசகர் அறிந்தது. நவீன காலத்தில் ஜார்ஜ் மெக்டொனால்டு 'லிலித்'தில் (1895) இறந்தோரை நெடிய உறக்கத்தில் கிடத்தினார். சி. எஸ். லூயிஸ் 'தி லாஸ்ட் பேட்டில்' (1956) நாவலில் நார்னியாவை அழித்து, அதைவிட மெய்யான நார்னியாவுக்குக் கதைமாந்தரை அழைத்துப் போனார். அவர்களில் ஒருத்தியான சூசனுக்கு மட்டும் அங்கே இடமில்லை. அந்த விலக்கலின் கொடுமையை எந்த இறையியல் விளக்கமும் எனக்கு ஆற்றவில்லை. டோல்கீன் இவர்களைவிட ஆழமானவர். அவருடைய எல்ஃப்கள் கொல்லப்பட்டால் மாண்டோஸின் மண்டபங்களுக்குப் போகிறார்கள். மீண்டும் உடல் பெறவும் கூடும். உலகம் உள்ளவரை அவர்களுக்கு உலகத்தை விட்டு விடுதலை இல்லை. மனிதர்களோ உலகத்தை விட்டே போய்விடுகிறார்கள். எங்கே என்பதை டோல்கீன் சொல்வதில்லை. 1993இல் வெளிவந்த 'மார்கோத்ஸ் ரிங்' தொகுதியில் ஃபின்ராட் என்ற எல்ஃப் அரசனும் ஆண்ட்ரெத் என்ற மனிதப் பெண்ணும் சாவைப் பற்றி வாதிடுகிறார்கள். சாவு வரமா, வந்து சேர்ந்த கேடா என்ற அந்த வழக்குக்குத் தீர்ப்பு இல்லை. அதனாலேயே அது நெஞ்சில் தங்குகிறது.

சட்டம் வகுக்கும் பழக்கம் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டோடு வேரூன்றியது. அதன் 1978ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒழுக்கநிலைகள் ஒன்பது. அவற்றுக்கு ஏற்ற உலகங்களின் வரைபடமும் உண்டு. விளையாட்டுக்கு இது தேவை. நாவலுக்கு அல்ல. கார்த் நிக்ஸின் 'சாப்ரியல்' (1995) போன்ற அரிய விதிவிலக்குகள் உண்டு. அங்கே சாவு ஒன்பது வாயில்கள் கொண்ட ஆறு, அதன் குளிர் நம் முழங்காலில் ஏறுகிறது. மற்றபடி இந்தக் காலத்து மறுமைகள் பெரும்பாலும் நிர்வாக அட்டவணைகள்.

லெ க்வினும் ஒரு சட்டத்தோடுதான் தொடங்கினார். 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' (1972) நாவலில் மந்திரவாதி கெட், இளவரசன் ஆரனோடு தாழ்ந்த கற்சுவர் ஒன்றைக் கடந்து வறண்ட நிலத்துக்குள் நடக்கிறான். அங்கே நட்சத்திரங்கள் நகர்வதில்லை. தெருக்கள் உண்டு, பேச்சு இல்லை. ஒன்றாக இறந்த தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் தேடுவதில்லை. காதலுக்காக உயிர்விட்டவர்கள் அறியாதவர்களாகக் கடந்து போகிறார்கள். இருபதாம் நூற்றாண்டுக் கற்பனை எழுத்தில் இத்தனை துயரமான மறுமையை நான் படித்ததில்லை. சாவை ஏற்றுக்கொள் என்ற கெட்டின் ஞானத்துக்கு வாசகர்கள் தலைவணங்கினார்கள். ஆனால் ஏற்றுக்கொள்ளச் சொன்னது இந்தக் கொடுமையையா என்று லெ க்வின் ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துக் கேட்டார்.

'தி அதர் விண்ட்' நாவலில் அதைக் கேட்கிறவன் பெரிய வீரன் அல்ல. உடைந்த பானையை ஒட்டவைக்கும் சிறு மந்திரக்காரன் ஆல்டர். பிரசவத்தில் இறந்த மனைவி லில்லி கனவில் சுவரருகே வந்து அவனைத் தொடுகிறாள். பிறகு இறந்தோர் கூட்டமாக வந்து, விடுதலை செய் என்று இரவெல்லாம் அழைக்கிறார்கள். உறங்க அஞ்சும் அவனுக்குத் துணை ஒரு பூனைக்குட்டி. அது ஒட்டிப் படுத்திருந்தால் கனவு நெருங்குவதில்லை. உயிருள்ள உடம்பின் சூட்டை மறுமைக்கு எதிரே இத்தனை எளிதாக நிறுத்திய இன்னொரு எழுத்தாளரை நான் காணவில்லை.

பிறகு உண்மை வெளிப்படுகிறது. வறண்ட நிலம் இயற்கை அல்ல. சாகாமல் இருக்க ஆசைப்பட்ட பழைய மந்திரவாதிகள் டிராகன்களின் மேற்குத் திசையில் ஒரு பகுதியைத் திருடிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குள் காற்று நின்றுபோனது. மறுபிறவியை நம்பிய கார்க் மக்களை எர்த்ஸீயின் அறிஞர்கள் காட்டுமிராண்டிகள் என்றார்கள். அந்த மக்களின் இறந்தோர் வறண்ட நிலத்தில் இல்லை. ஏளனம் செய்யப்பட்டவர்களிடம்தான் உண்மை இருந்தது. கடைசியில் ஒட்டவைப்பவனின் கைகளே முதலில் சுவர்க் கற்களைப் பெயர்க்கின்றன. இறந்தோர் வெளியேறி, மண்ணும் ஒளியுமாக உலகத்தில் கலக்கிறார்கள்.

இதற்கு ஓராண்டு முன்பு பிலிப் புல்மன் 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' நாவலில் இறந்தோர் உலகத்தில் ஒரு சாளரம் திறந்து உயிர்களைக் காற்றில் கரையவிட்டார். அது அருமையான காட்சி, கொண்டாடவும் பட்டது. ஆனால் புல்மன் இடித்தது எதிராளியின் மதம் கட்டிய சிறையை. லெ க்வின் இடித்தது தன் கையால் கட்டிய, வாசகர் நேசித்த கட்டடத்தை. இரண்டாவதே கடினம். கற்பனை எழுத்து போக வேண்டிய திசையும் அதுதான்: மறுமைக்கு வரைபடம் போடுவதைவிட, அதை யார், யாருக்காக, எதைப் பறித்துக் கட்டினார்கள் என்று கேட்பது.

'தி ஃபார்தஸ்ட் ஷோர்' நாவலோடு எர்த்ஸீயை மூடிவைத்தவர்கள் 'டெஹானு' (1990) வழியாக 'தி அதர் விண்ட்' வரை வாருங்கள். அதைப் படிக்காதவரை லெ க்வின் சாவைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.